கயாவில் விட்ட காப்பி

ஜூன் 11, புதன்

காசியிலிருந்து நேற்று வந்து சேர்ந்தோம். தென்காசிக்காரிக்கு இன்னொரு காசி எதற்கு என்று நான் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. இப்போது அழுக்குத் துணி குற்றால மலை உயரத்துக்குக் கிடக்கிறது. சாரல் வேறு ஆரம்பித்துவிட்டது. ஒன்றும் காயப்போவதில்லை.

இந்த டைரி சிமெண்ட் கடையில் இவருக்குக் கொடுத்தது. சும்மா கிடந்தது, எடுத்துக்கொண்டேன். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவள்தான் நானும். நடந்த கூத்தை எங்கேயாவது இறக்கி வைக்காவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

கூத்து இதுதான். கயாவில் ஒரு பெரிய ஆலமரம். அதன் அடியில், செத்துப்போன பெரியவர்களுக்குப் பிண்டம் வைத்து முடித்ததும், நமக்குப் பிடித்த ஒரு காயையும் ஒரு பழத்தையும் இனி ஆயுசுக்கும் தொடமாட்டேன் என்று விட்டுவிட்டு வரவேண்டும். அது முறை. எங்கள் கோஷ்டியில் எல்லோரும் ரயிலிலேயே யோசித்து வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு வள்ளிமயில் மதினி பீட்ரூட்டை விட்டாள். பீட்ரூட் அவள் வீட்டுப் படி ஏறியதே கிடையாது. அவள் வீட்டுக்காரர் பேரிக்காயை விட்டார். நான் கொத்தவரங்காயையும் விளாம்பழத்தையும் விட்டேன். சாமிக்கும் தெரியும். கண்டுகொள்ளமாட்டார்.

எங்கள் வீட்டுக்காரர் குற்றாலிங்கம், தையல்காரர், காப்பிக்குக் கோயில் கட்டச் சொன்னால் செங்கல் சுமக்கிற மனுஷன், உள்ளங்கையில் தண்ணீரை வாங்கிக்கொண்டு "காப்பி" என்றார்.

பூசை செய்கிற பண்டாவுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "காய் சொல்லு! பழம் சொல்லு!" என்று கத்தினார்.

"காப்பியும் மரத்துல பழுக்குற பழந்தான சாமி. அதுல உள்ள கொட்டையத்தான நாங்க திரிச்சுக் குடிக்கோம்" என்று இவர் வக்கீல் மாதிரி வாதாடினார். பண்டா பார்த்தார், பின்னால் நீளமான வரிசை, சரி விடு என்று தண்ணீரைக் கீழே விடச் சொல்லிவிட்டார்.

ஆக, தென்காசியில் ஒரு காப்பிக்காரர் குறைந்தார்.

"எதுக்குங்க இப்படிச் செஞ்சீங்க?" என்று திரும்பி வருகிற வழியெல்லாம் கேட்டேன். "தோணிச்சு" என்றார். விஜயவாடாவில் கேட்டேன், தோணிச்சு. மெட்ராஸில் கேட்டேன், தோணிச்சு. இந்த வாய்க்குக் காப்பி ஒன்றுதான் குறைச்சல்.

ஜூன் 12, வியாழன்

எங்கள் வீட்டில் காப்பித்தூள் என்று கடையில் வாங்கினதே கிடையாது. பச்சைக் கொட்டைதான் வாங்குவோம். ஞாயிற்றுக்கிழமை இரும்புச் சட்டியில் நான் வறுப்பேன். வறுக்கும்போது இவர் பின்னாலேயே நிற்பார். "போதும், இறக்கு. ஐயோ, போச்சு. தீச்சுட்ட." கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாரம்கூட நான் தீய்க்காமல் இருந்ததில்லை, இவர் கணக்கில். காலையில் மேசை விளிம்பில் முடுக்கி வைத்த மிஷினில் அன்றன்றைக்கு வேண்டியதைத் திரித்து, பில்டரில் போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்றி, டிகாஷன் இறங்கும் வரைக்கும் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூடாது. அப்புறம் குடித்துவிட்டு ஒரு தீர்ப்பு சொல்வார். "நேத்தைக்கு இது தேவல." நேற்றும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

பதிலுக்கு நானும் சும்மா இருந்ததில்லை. இவர் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, "எந்தப் பக்கத்துக் கையைத் தூக்கணும்னு சொல்லிட்டு தைங்க" என்பேன். யாரையும் எதையும் நல்லாருக்கு என்று சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. என் மகள் பூரணியைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடமே, "தம்பி, போட்டோல தலைமுடி கூட இருந்துச்சே" என்று கேட்டவள் நான்.

இன்று எனக்கு மட்டும் காப்பி போட்டேன். டிகாஷன் வாசம் கிளம்பினதும் இவர் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு தெருக்குழாய்ப் பக்கம் போய் நின்றார். யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து மேலத்தெரு ஆள் ஒருத்தர் வந்து, "என்ன அண்ணாச்சி, யாரு?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

"யாருமில்ல. காப்பிதான்" என்றேன் வாசலிலிருந்து.

ஜூன் 13, வெள்ளி

டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். பெரிய விஷயமில்லை. இடது மாரில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று தட்டுப்படுகிறது. வலி கிடையாது. காசிக்குப் போகும்போதே ரயிலில் பேச்சோடு பேச்சாக இவரிடம் சொன்னேன், ஊருக்கு வந்ததும் காட்டணும் என்று. முறுக்கு தின்றுகொண்டிருந்தவர் பாதி முறுக்கைக் கையில் பிடித்தபடியே நாக்பூர் வரைக்கும் வந்தார். முறுக்கு தின்னக்கூட உடம்பு வணங்காத மனுஷன் என்று கோஷ்டியே சொல்லிச் சிரித்தது.

டாக்டரம்மா அமுக்கிப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, திருநெல்வேலியில் ஊசி வைத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும் என்றார்.

வரும்போது கொத்தமல்லி வாங்கினேன். நல்ல இளசு.

ஜூன் 15, ஞாயிறு

காப்பி இல்லாத மனுஷனுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கிறது. சுக்குத் தண்ணீர் கொடுத்தேன், ஹார்லிக்ஸ் கொடுத்தேன், மல்லித் தண்ணீர் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாங்கி, குடிநீர் வாரியத்துக்காரர் மாதிரி தூக்கிப் பார்த்துவிட்டுக் குடிக்கிறார்.

நேற்று பள்ளிக்கூடத்து டீச்சரின் ஜாக்கெட்டைத் தைத்திருக்கிறார். கழுத்தையும் சேர்த்து மூடித் தைத்துவிட்டார். டீச்சர் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, "அண்ணாச்சி, இது ஜாக்கெட்டா, தலகாணி உறையா?" என்று கேட்டதைக் கடைத்தெருவே இன்றைக்கு என்னிடம் வந்து சொல்லிவிட்டது.

எனக்கே பாவமாகப் போய்விட்டது. "வீட்டுல காப்பியே வேண்டாங்க. நானும் நிறுத்திருதேன். வாசம் இருந்தாத்தான நெனப்பு வரும்" என்றேன்.

கத்தரியைப் படாரென்று கீழே வைத்தார். "நீ விடக்கூடாது."

"ஏன்?"

"நீ குடிக்கணும். எப்பவும் போல குடிக்கணும். அவ்ளோதான்."

இது என்ன நேர்த்திக்கடனோ. ஆட்டை நேர்ந்துவிட்டவன் தான் பட்டினி கிடந்து, பக்கத்தில் இருக்கிறவளைப் பிரியாணி சாப்பிடச் சொன்ன மாதிரி.

ஜூன் 18, புதன்

காலையில் கரகரவென்று சத்தம். எலி என்று நினைத்து விளக்குமாற்றோடு போனேன். இவர் மேசை முன்னால் உட்கார்ந்து மிஷினின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். முகத்தைத் தூள் விழுகிற டப்பாவுக்குள்ளேயே வைத்திருந்தார்.

"என்ன செய்யுதீங்க?"

"திரிக்கேன். குடிக்கறதத்தான் விட்டேன். திரிக்கறத விடல."

அந்நேரம் பால் வாங்க வந்த வள்ளிமயில் மதினி வாசலிலேயே நின்றுவிட்டாள். "அண்ணாச்சி, மோந்து பாத்தா அதுவும் பாதி குடிச்ச கணக்குத்தான். எங்க மாமியா கருவாட்டு வாசம் வந்தாலே விரதம் போச்சும்பா."

"ஒங்க மாமியா கயாவுக்குப் போனாளா?" என்றார் இவர்.

"இல்ல."

"அப்பொ சும்மா இரும்மா."

இரண்டு பேருக்கு மூன்று நாள் காணும் தூளைத் திரித்துவிட்டார். பார்த்தால் இப்போது நான் ஒருத்திதான் குடிக்கிறவள். மீசையில் எல்லாம் தூள். கடைக்குப் போகிற வழியில் நாய் ஒன்று முகர்ந்துகொண்டே பின்னால் போனதாம்.

ஜூன் 20, வெள்ளி

இனிமேல் காப்பியும் இவரே போட்டுத் தருவாராம். எனக்கு. கல்யாணமான நாளிலிருந்து அடுப்பு எந்தப் பக்கம் பற்றும் என்று தெரியாதவர்.

இன்றைக்கு முதல் காப்பி. தூளைச் சந்தனம் மாதிரி மையாகத் திரித்துவிட்டார். பில்டரில் போட்டு அதன் மேல் அமுக்குத் தட்டை வைத்து, புது ஆணி அடிக்கிற மாதிரி அமுக்கினார். தண்ணீரை ஊற்றினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. காதை வைத்துக் கேட்டார். தட்டினார். கரண்டிக் காம்பால் குத்தினார். "பிள்ளையாரப்பா" என்றார். பிள்ளையார் என்ன செய்வார், அவர் கொழுக்கட்டை டிபார்ட்மெண்ட்.

கடைசியில் மூன்று சொட்டு இறங்கியது. பாலை ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார். பார்த்தால் பால். குடித்தால் பால். சர்க்கரை மட்டும் இரண்டு தடவை போட்டிருந்தார்.

எதிரே குத்தவைத்து உட்கார்ந்து என் வாயையே பார்த்தார். நான் விழுங்கும்போது அவர் தொண்டையும் ஏறி இறங்கியது. நாக்கின் நுனி வரைக்கும் எனக்கு வந்துவிட்டது, 'மாடு கறக்கும்போது காப்பிக்கொட்டைப் பக்கமா திரும்பிப் பாத்துச்சோ' என்று. ஏனோ வெளியே வரவில்லை.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு" என்றேன்.

இவர் எழுந்து போய்ப் பில்டரைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

ஜூன் 23, திங்கள்

திருநெல்வேலி. ஊசி வைத்து எடுத்தார்கள். வலிக்கவில்லை. வலித்தாலும் இங்கே எழுதமாட்டேன். முடிவு அடுத்த வாரம் வரும்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தார். கல்யாணமான புதிதில் கேட்டேன், அப்போது தரவில்லை.

ஜூன் 25, புதன்

இன்று வீட்டை ஒதுங்க வைத்தேன். இவருக்குத் துவரம்பருப்பு எது, கடலைப்பருப்பு எது என்றே தெரியாது. டப்பா டப்பாவாக மூடியைத் திறந்து காட்டினேன். உப்பு இங்கே, புளி இங்கே, கேஸ் புத்தகம் இந்தப் பைக்குள், பூரணிக்குத் தலைத் தீபாவளிக்கு எடுத்த பட்டுச் சேலை மேல் அலமாரியில், அந்துருண்டை போட்டு.

"இதெல்லாம் எதுக்கு எங்கிட்ட சொல்லுத?"

"சும்மாதான். நான் ரெண்டு நாளு ஒங்க மகளப் பாக்க ஓசூருக்குப் போனா நீங்க ரசத்துக்குக் கடலப்பருப்ப போட்டுருவீங்க."

"நீ ஓசூருக்குப் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வெயிலே இல்லாத நாளில் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சாரல் என்றால் அதுவும் இல்லை.

பூரணி போனில் பேசினாள். இந்தக் கட்டி விஷயம் அவளுக்குச் சொல்லவில்லை. காப்பி விஷயம் வள்ளிமயில் மதினி சொல்லியிருக்கிறாள். "யம்மா, அப்பா காப்பிய விட்டாரா? அப்பாக்கு ஒடம்புக்கு எதுவுமா? மறைக்காமச் சொல்லு!" என்று அழுதாள். அவருக்கு ஒன்றுமில்லை, தலையில்தான் கொஞ்சம் கோளாறு, அது நான் கட்டிக்கொள்ளும்போதே இருந்தது என்று சமாதானம் சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்றைய காப்பி: போன தடவை மையாகத் திரித்தது தப்பு என்று கண்டுபிடித்து, இந்தத் தடவை உடைத்த கோதுமை மாதிரித் திரித்துவிட்டார். மேலே ஊற்றின தண்ணீர் ஐந்தருவி மாதிரிக் கீழே வந்துவிட்டது. காப்பி கலரில் வெந்நீர். தானே குடித்துப் பார்த்தால் தெரியும். குடிக்க முடியாதே. சமைக்கிறவனுக்கு நாக்கு இல்லை என்றால் சமையல் இப்படித்தான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குங்க. நேத்தைக்கு இது ரொம்ப நல்லாருக்கு."

நான் என்ன சொன்னாலும் இந்த மனுஷன் முகம் தெளியமாட்டேன் என்கிறது. நல்லாருக்கு என்று வாயில் வராத சொல்லைத் தேடிப்பிடித்துச் சொல்கிறேன். ஒரு சிரிப்பு சிரித்தால் என்ன?

ஜூன் 30, திங்கள்

கரிந்துபோன வாசம். நேற்று வறுத்ததும் அவர்தான். நல்லாருக்கு என்றேன்.

ஜூலை 2, புதன்

டாக்டரம்மா என்னை மட்டும்தான் உள்ளே கூப்பிட்டார். பேப்பரைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பயப்படற கட்டி இல்லம்மா. சாதாரணக் கட்டிதான். ஆறு மாசம் கழிச்சு ஒருவாட்டி வந்து காட்டுங்க, போதும்."

எழுந்தேன். வாசல் என்று நினைத்து மருந்து அலமாரியைத் திறக்கப் போனேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதனால் இருக்கும்.

வெளியே இவரைக் காணவில்லை. தேடினால், படிக்கட்டுக்குக் கீழே செருப்பு விடுகிற இடத்தில் யாருடைய செருப்புக்கோ பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லையாம்" என்றேன்.

பேப்பரை வாங்கிப் பார்த்தார். முழுக்க இங்கிலீஷ். தலைகீழாகப் பிடித்திருந்தார். நானும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் நேராகப் பிடித்தால் தெரியவா போகிறது?

வழியில் மருந்துக்கடைத் தம்பியிடம் காட்டி விசாரித்தார். அந்தத் தம்பியும் ஒன்றுமில்லை அண்ணாச்சி என்றான். தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் சந்தோஷம் வந்து முகத்தில் உட்காரவில்லை. வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிற விருந்தாளி மாதிரி.

ஜூலை 3, வியாழன்

வள்ளிமயில் மதினி ஒரு யோசனையோடு வந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் சொன்னாராம், கயாவில் விட்டது காயும் பழமும்தான் செல்லும், காப்பி அந்தக் கணக்கில் வராது, கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்று. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நானே கொட்டையை எடுத்து, பக்குவமாக வறுத்து, அளவாகத் திரித்து, கள்ளிச்சொட்டு மாதிரிக் கெட்டியாக டிகாஷன் இறக்கி, நுரை பொங்க ஆற்றி, டவராவோடு கொண்டுபோய் இவர் முன்னால் வைத்தேன்.

"அர்ச்சன நான் பண்ணிக்கிடுதேன். நீங்க குடிங்க."

வாசம் இவர் மூக்கில் ஏறினது தெரிந்தது. கண்ணே கலங்கிவிட்டது. கை டம்ளர் வரைக்கும் வந்தது. வந்த கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போ."

"அட, அந்தப் பெரியவரே சொல்லிட்டாருங்க. இதெல்லாம் கணக்குல வராது..."

எழுந்து நின்றுவிட்டார். நான் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து இவர் குரல் அந்த உயரத்துக்குப் போனதில்லை.

"குடுத்தத நான் திருப்பிக் கேட்டா, அவன் குடுத்தத அவன் திருப்பிக் கேக்கமாட்டானா?"

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் அந்தக் காப்பியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். ரொம்ப நல்ல காப்பி. கீழே கொட்ட மனசில்லை. நின்றுகொண்டே குடித்தேன். வெங்காயம் எதுவும் உரிக்கவில்லை. ஆனாலும் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுப்புப் புகை என்று எழுதலாம். கேஸ் அடுப்பில் ஏது புகை.

ஜூலை 4, வெள்ளி

இவர் போட்ட காப்பி. ஆறிப்போய், ஆடை மிதந்து, அடியில் தூள் மண்டி. "இந்த மாதிரிக் காப்பி நான் ஆயுசுல குடிச்சதில்லங்க" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. "அமிர்தம்" என்றும் சொன்னேன். அது பொய்.

இரவு இவர் தோசையை முழுசாகத் தின்னவில்லை.

ஜூலை 7, திங்கள்

இரண்டு நாளாக வேட்டி இடுப்பில் நிற்கவில்லை இவருக்கு. காப்பியை விட்டபோதுகூட இப்படி வற்றவில்லை. கட்டி ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு எந்த மனுஷனாவது இப்படி உருகுவானா?

இன்று காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். வழக்கம்போல எதிரே குத்தவைத்தார். நான் ஒரு வாய் குடித்தேன். உப்புக் கரித்தது. சர்க்கரை டப்பா என்று நினைத்து உப்பை அள்ளிப் போட்டிருக்கிறார். எந்த டப்பா எது என்று அன்றைக்கு நான் மூடியைத் திறந்து திறந்து காட்டினது எல்லாம் வீண்.

விழுங்கினேன். "நல்லாருக்கு" என்றேன்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "டாக்டரம்மா ஒன்ன மட்டும் தனியா வச்சு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லன்னுதான். அன்னைக்கே சொன்னேனே."

"நெசமாச் சொல்லு, உலகு."

உலகம்மாள் என்கிற என் பேரை இவர் சுருக்கிக் கூப்பிட்டே எத்தனையோ வருஷம் இருக்கும்.

"மருந்துக்கடைத் தம்பியும் சொன்னான்லா?"

"அவன் சின்னப் பய. எம் மூஞ்சியப் பாத்துட்டு எதையாவது சொல்லிருப்பான். நீ சொல்லு. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நீ எதையாவது நல்லாருக்குன்னு சொல்லிருக்கியா? நான் தச்ச ஒரு ஜாக்கெட்ட? எங்க அக்கா வச்ச ஒரு கொழம்ப? குத்தாலத்து அருவியப் பாத்து 'சத்தம் கூட, தண்ணி கம்மி'ன்னு சொன்னவ நீ. இப்பொ நான் போடுத காப்பிய தெனமும் நல்லாருக்குன்னு சொல்லுத. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. போறவங்கதான் இப்படி எல்லாரையும் நல்லவங்கன்னு சொல்லிட்டுப் போவாங்க. எங்கம்மா கடைசி வாரம் இப்படித்தான் பேசிட்டிருந்தா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே வாசல் வழியாக வரப் பார்த்து இருமல் வந்துவிட்டது. உப்புக் காப்பி மூக்கில் ஏறியது.

"இங்க பாருங்க" என்றேன். "நீங்க போடுதது காப்பியா? இது கழனித்தண்ணி. மாட்டுக்கு வச்சா மாடு சங்கிலிய அத்துட்டுச் செங்கோட்ட பஸ்ஸுக்கு ஓடிப்போயிரும்."

நிமிர்ந்தார்.

"மொத நாளு பால்ல தூள் விழுந்துச்சா, தூளு பக்கத்து வீட்டுல விழுந்துச்சா தெரியல. அடுத்து ஒரு நாளு வெறும் வெந்நி. அதுக்கப்புறம் சுட்ட செருப்பு வாசம். இன்னைக்கு என்னன்னு தெரியுமா? உப்பு! காப்பில உப்பு! கடல்ல போயி அள்ளிட்டு வந்தீங்களா?"

"உப்பா?" என்றார். "நெசமாவா?"

"நக்கிப் பாருங்க... ஐயோ, வேண்டாம், நக்காதீங்க, கயாவுல விட்டுட்டு வந்தாச்சு. நான் சொல்லுததக் கேளுங்க. ஒங்க கைக்கு ஊசி நூலுதான் லாயக்கு. அதுவும் சந்தேகந்தான். தலகாணி உறை தைக்கற டெய்லர் கையால காப்பி குடிக்கணும்னு என் தலையில எழுதிருக்கு."

இவர் முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் ஏறியது. குத்தவைத்திருந்தவர் பின்னால் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். பார்த்தால் கண் இரண்டிலும் தண்ணீர். துண்டால் துடைத்துக்கொண்டு, "அப்பொ ஒனக்கு ஒண்ணும் இல்ல" என்றார், டாக்டரம்மாவுக்கே அவர்தான் சொல்லிக்கொடுக்கிற மாதிரி.

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஒங்க காப்பியக் குடிச்சுத்தான் ஏதாவது வரும்."

"வேற? வேற என்ன குத்தம்? சொல்லு, சொல்லு."

சொன்னேன். வறுக்கிறதில் குற்றம், திரிக்கிறதில் குற்றம், அமுக்குகிறதில் குற்றம், பால் ஊற்றுகிறதில் குற்றம், டம்ளரைப் பிடிக்கிற விதத்தில்கூடக் குற்றம். கல்யாணப் பத்திரிகை வாசிக்கக் கேட்கிற மாதிரி வாயைப் பிளந்து கேட்டார். நடுவில் வள்ளிமயில் மதினி என் சத்தம் கேட்டு ஓடிவந்து, "என்ன மதினி, சண்டையா?" என்றாள்.

"ஆமாம்மா, சண்ட" என்றார் இவர், பெருமையாக. "எங்க வீட்டுல சண்ட."

அந்த டம்ளரைக் கொட்டிவிட்டு, கையைக் கழுவி, மறுபடியும் கொட்டையை எடுத்து மிஷினில் போட்டார். "கைய மெதுவாச் சுத்துங்க, அது தையல் மிஷினு இல்ல" என்று நான் அதட்ட, அவர் மெதுவாகச் சுற்றினார். "தண்ணி இன்னும் கொதிக்கல, பொறுங்க" என்றேன், பொறுத்தார். "சர்க்கரை அது இல்ல, பக்கத்து டப்பா" என்றேன், மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்தார்.

கொண்டுவந்து நீட்டினார். தூள் அதிகம், பால் கம்மி, கசப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது.

இரண்டாவது டம்ளரும் வாயில் வைக்க வழியில்லை. சொல்லிச் சொல்லிக் குடித்தேன்.